எல்லாம் செய்து தரப்படும்

ஒரு பெரிய உள்ளலங்கார நிறுவனத்தில் பத்து வருடத்துக்கு மேல் குப்பை கொட்டிவிட்டு, சின்னு சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். வீட்டில் இளையவள் என்பதால் வந்த பெயர் அது. தலையில் நரை எட்டிப் பார்க்கும் வயது வந்த பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. மருந்துக்கடைக்கு மேலே மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தாள். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, திரைத்துணி மாதிரிகள் தொங்கும் ஒரு கம்பி, அவ்வளவுதான். படியேறி வருகிறவர்களோடு கீழே இருக்கும் இருமல் மருந்து வாசனையும் சேர்ந்து ஏறி வரும்.

வாசலுக்கு ஒரு பலகை எழுத வேண்டும். பெயர் எழுதுவதில் சிக்கல் இல்லை. பெயருக்குக் கீழே, இங்கே என்னென்ன செய்து தரப்படும் என்று எழுத வேண்டிய இடத்தில்தான் சின்னு மாட்டிக்கொண்டாள். பழைய நிறுவனத்தில் வேலையைக் கூறு போட்டுப் பிரித்திருந்தார்கள். அளவெடுக்க ஒருவர், வரைய ஒருவர், வண்ணம் சொல்ல ஒருவர். சின்னுவின் பங்குக்கு வந்தவை கதவுக் கைப்பிடிகளும், கோபமாக வரும் வாடிக்கையாளர்களும்தான். இரண்டையும் நன்றாகவே சமாளித்தாள். ஆனால் கோபக்காரர்களைச் சமாளிப்பதைப் பலகையில் எப்படி எழுதுவது?

"உனக்கு எது நல்லா வரும்னு நெனைக்கிறியோ அத மட்டும் போடேன்" என்றார் அவள் கணவர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். எதற்கும் ஒரு விசில் ஊதினால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்.

"அது தெரிஞ்சா நான் ஏங்க உங்களக் கேக்கறேன்?"

அக்காவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவளுக்கு, உலகத்தில் யாரையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பக் கூடாது. "ஒண்ணு ரெண்டுன்னு போட்டா, மூணாவது வேணுங்கறவன் உன் படி ஏறுவானாடி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பலகை எழுதுகிறவருக்குத் தானே போன் போட்டாள். மறுநாள் பலகை வந்து இறங்கியது. சமையலறை, படுக்கையறை, அலுவலகம், கடை, மொட்டைமாடித் தோட்டம், விளக்கு, திரைச்சீலை. கடைசியில், எதையும் விட்டுவிட்டோமோ என்ற பயத்தில், பெரிய எழுத்தில்: எல்லாம் செய்து தரப்படும்.

"தோட்டமாக்கா? நம்ம வீட்ல ஒரு கத்தாழையே செத்துப்போச்சே!"

"உன் கத்தாழைய யார் வந்து பாக்கப்போறா? மாட்டு பலகைய."

எல்லாம் செய்து தரப்படும் என்றால் எல்லோரும் வரத்தானே செய்வார்கள்? முதலில் ஒரு செருப்புக் கடைக்காரர் வந்தார். கடை குறுகல், பெரிதாகத் தெரிய வேண்டும் என்றார். சின்னு பின்சுவர் முழுவதும் கண்ணாடி பதித்தாள். கடை இரண்டு மடங்கானது. திறந்த அன்றே ஒரு கனத்த மனிதர் அந்த இல்லாத பாதிக் கடைக்குள் விறுவிறுவென்று நடந்துபோய் முட்டிக்கொண்டார். எதிரே வந்தவரிடம் "மன்னிச்சுக்குங்க, பாக்கல" என்றும் சொன்னார். எதிரே வந்தவரும் அவரேதான். கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, கண்ணாடியின் குறுக்கே ஒரு பெஞ்சைப் போட்டுக்கொண்டார்.

அடுத்து ஓர் அம்மாவுக்கு மொட்டைமாடியில் கொடி படர்ந்த வளைவு ஒன்று வேண்டியிருந்தது. கொடிக்கு வளைவு பிடிக்கவில்லை. கைப்பிடிச் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் இறங்கி, அங்கேதான் பூத்தது. "தண்ணி ஊத்தறது நானு, பூ பறிக்கறது அவங்களா?" என்று அந்த அம்மா போனில் போட்ட சத்தம் கீழே மருந்துக்கடை வரைக்கும் கேட்டது.

பல் மருத்துவர் ஒருவரின் காத்திருப்பு அறை மட்டும் கொஞ்சம் உருப்பட்டது. வருகிறவர்கள் பயந்து நடுங்குகிறார்கள், ஏதாவது செய்யுங்கள் என்றார் அவர். சின்னு அந்த வெள்ளை வெளிச்சத்தை எடுத்துவிட்டு, மங்கலான மஞ்சள் விளக்குகளும் தலை சாய்க்க வசதியான நாற்காலிகளும் போட்டாள். "பேரக் கூப்பிட்டா யாரும் எழுந்து வர்றதில்ல. எல்லாரும் தூங்கறாங்கம்மா" என்று மருத்துவர் சொன்னபோது, அது புகாரா பாராட்டா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் நகக்கண்ணில் மண்ணும் தலைமுடியில் மரத்தூளுமாக வீடு திரும்பும்போது, இன்றைக்கு நான் யாராக இருந்தேன் என்று அவளுக்கே தெரியாமல் இருந்தது. தோட்டக்காரியா, கடைக்காரியா, கண்ணாடிக்காரியா?

அப்படி இருக்கும்போதுதான் நர்ஸம்மா வந்தார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, நேரான முதுகு. அறைக்குள் நுழைந்ததுமே சின்னுவின் மேஜையில் கோணலாகக் கிடந்த மூன்று பென்சில்களை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"பல் டாக்டரோட காத்திருக்கற அறைய நீங்கதான் செஞ்சீங்களாமே. நான் முப்பது வருஷம் நைட் டியூட்டி பாத்தவ. தூங்கற வித்தையே மறந்துபோச்சு எனக்கு. அங்க உக்காந்தவ அப்படியே அசந்துட்டேன். யார் இதச் செஞ்சதுன்னு கேட்டு, விலாசம் வாங்கிட்டு வர்றேன்."

சின்னுவுக்கு வாயெல்லாம் பல்லானது. "சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன செய்யணும்?"

"எல்லாம் செஞ்சு தரப்படும்னு போட்டிருக்கீங்களே. எனக்குக் கல்யாணம்."

"ஐயோ, மேடை அலங்காரமெல்லாம் நான்..."

"மேடை யாருக்கும்மா வேணும்? பதிவு ஆபீஸ்ல ஒரு கையெழுத்து, முடிஞ்சது. பிரச்சினை அதுக்கப்புறம்தான். ரெண்டு முழு வீட்டுச் சாமானையும் ஒரே வீட்டுக்குள்ள வைக்கணும்."

மாப்பிள்ளை ஒரு கிரேன்காரர். அடுக்குமாடிகள் எழும்பும் இடங்களில், உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வாழ்நாளைக் கழித்தவர். மனைவி இறந்து சில வருடம் ஆகிறது. காலில் அடிபட்டு, நர்ஸம்மா வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குக் கட்டுப் போட வந்தார். கட்டு அவிழ்த்த பிறகும் வருவதை நிறுத்தவில்லை.

"அவரு வீட்டுக்கு நான் போனா நான் விருந்தாளி. என் வீட்டுக்கு அவரு வந்தா அவரு விருந்தாளி. மிச்ச ஆயுசு பூரா யாராவது ஒருத்தர் விருந்தாளியா இருக்க முடியுமா? அதான் ரெண்டு பேருமா புதுசா ஒரு வீடு பாத்துட்டோம்" என்றார் நர்ஸம்மா.

சின்னு இரண்டு வீடுகளையும் போய்ப் பார்த்தாள். தலை சுற்றியது. சாப்பாட்டு மேஜை இரண்டு, ஒன்று நீளம், ஒன்று வட்டம். சோபா இரண்டு. குளிர்சாதனப் பெட்டி இரண்டு. பீரோக்களை எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டாள். புது வீடோ மூன்றாம் மாடியில், இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும் ஒரு கண்ணாடித் தாழ்வாரமுமாக, அடக்கமாக இருந்தது.

நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு வரைந்தாள். கூடத்தில் இடப்பக்கம் கிரேன்காரருடைய சோபா, வலப்பக்கம் நர்ஸம்மாவுடைய சோபா. படுக்கையறையில் அவருக்கு ஒரு பீரோ, இவருக்கு ஒரு பீரோ. நீள மேஜை அவருடையது, இருக்கட்டும். அதற்கு ஈடாகக் குளிர்சாதனப் பெட்டி இவருடையது. தராசில் வைத்தால் ஒரு முள் கூட ஆடாது.

படத்தைக் காட்டிய அன்று கிரேன்காரரின் மகளும் வந்திருந்தாள். கல்யாணமாகித் தனியாக இருப்பவள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ரொம்ப நியாயமா இருக்கு" என்றார் நர்ஸம்மா. நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசுகிற குரல் அது.

"ம்" என்றார் கிரேன்காரர். தலையசைப்பில் முடியும் விஷயத்துக்கு வாயைத் திறக்காத மனிதர்.

"எங்கம்மாவோட கண்ணாடி மேஜை எங்க?" என்றாள் மகள்.

அது பழைய மூன்று மடிப்புக் கண்ணாடி வைத்த ஒப்பனை மேஜை. நர்ஸம்மாவிடம் அப்படி எதுவும் இல்லாததால் ஈடுகட்ட முடியாமல், சின்னு அதைப் பரணுக்கு அனுப்பியிருந்தாள்.

"படுக்கையறையிலயே வச்சுக்கலாமேம்மா" என்றார் நர்ஸம்மா மெதுவாக.

"நீங்க எங்களுக்காக விட்டுக்குடுக்க வேண்டாம் ஆன்ட்டி."

சின்னுவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இந்த மூவரில் ஒருவர் முகத்தில்கூட, இந்த வீட்டுக்குப் போகப்போகிறோம் என்ற சந்தோஷம் இல்லை.

வீட்டுக்கு வந்து படத்தைக் கணவரிடம் காட்டினாள். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உற்றுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு டீமா பிரிச்சு விட்ட மாதிரி இருக்கே சின்னு. நடுவுல கோடு போட்டா மேட்ச் ஆரம்பிச்சுடலாம்."

அவளுக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நேரம் கோபமாகக்கூட இருந்தது. பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, தான் இத்தனை நாளும் சாமான்களைத்தான் அளந்தோமே தவிர, அந்த இரண்டு பேரும் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கவே இல்லை என்று தோன்றியது. பழைய நிறுவனத்தில் கோபமாக வருகிறவரை உட்காரவைத்து முதலில் அவள் கேட்பதெல்லாம், "காலையில எழுந்ததுலேருந்து சொல்லுங்க, எங்க இடிக்குது?" என்பதுதான். இங்கே அதைக் கேட்க மறந்துவிட்டாள்.

இரண்டு பேரிடமும் அனுமதி கேட்டு, ஒரு காலைப்பொழுது அங்கே, ஒரு காலைப்பொழுது இங்கே போய் உட்கார்ந்தாள்.

நர்ஸம்மா இருட்டோடு எழுந்தார். விளக்குப் போடவில்லை. வார்டில் தூங்குகிறவர்களை எழுப்பிவிடாமல் நடந்து பழகிய கால், சுவரைத் தடவாமலே சமையலறைக்குப் போனது. டீயை நின்றுகொண்டே குடித்தார். "உக்காந்து குடிங்களேன்" என்றதற்கு, "உக்காந்தா யாராவது கூப்பிடுவாங்கன்னு ஒரு பயம்மா" என்று சிரித்தார். அப்புறம் இடுப்புயர இரும்பு மேஜை முன்னால் நின்று, உலர்ந்த துணிகளை ஓரம் பிசகாமல் மடித்தார். மடிக்கும்போது மட்டும் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தார். மற்ற நேரத்தில் அந்த வீட்டில் பாட்டே இல்லை.

கிரேன்காரர் வெயில் வந்த பிறகே எழுந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற லாரி, வேன் எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்தார். பிறகு உள்ளறைக்குப் போனார். எட்டிப் பார்த்த சின்னுவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய மனிதர், குழந்தை உட்காருகிற மாதிரி ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்து, முகமெல்லாம் நுரையோடு, அந்த ஒப்பனை மேஜையின் முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"தினமும் இங்கதானா?"

தலையசைத்தார். ஒரு பக்கக் கன்னத்தை முடித்துவிட்டு, அதிசயமாக வாயைத் திறந்தார். "மூணு பக்கமும் தெரியும். கேபின்லயும் மூணு பக்கம் கண்ணாடி. பழகிடுச்சு."

"உங்க பொண்ணுக்குத் தெரியுமா?"

"அவ கேக்கல" என்றார்.

அன்று ராத்திரி வரைக்கும் காத்திருக்க முடியவில்லை. பேருந்திலேயே, மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்துவிட்டாள். படுக்கையறையில் பீரோவே கிடையாது. கட்டிலும் கனத்த திரைச்சீலையும் மட்டும். முன்னால் எழுகிறவர் சத்தமில்லாமல் எழுந்து போகலாம், பின்னால் எழுகிறவர் வெயில் வரும்வரை தூங்கலாம். பீரோக்களும் டீவியும், கதவு சாத்தக்கூடிய இன்னொரு படுக்கையறைக்குள் போயின. கூடத்துக்கு ஒரே சோபா போதும். நீள மேஜையின் ஒரு முனை ஜன்னலைத் தொட வேண்டும், அங்கே அவர் உட்காருவார். மறுமுனையை ஒட்டி அந்த இரும்பு மேஜை, அங்கே இவர் நிற்பார். ஒருவர் உட்கார்ந்திருக்க, ஒருவர் நிற்க, இருவருக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும். கண்ணாடித் தாழ்வாரத்தில், காலை வெளிச்சம் விழும் மூலையில், ஒப்பனை மேஜை.

இந்தத் தடவை மகள் வரவில்லை. படத்தைப் பார்த்த நர்ஸம்மா, அந்த இரும்பு மேஜை இருக்கும் இடத்தைத் தேடி விரலை வைத்தார். "இதையும் கொண்டு வரலாமா? துருப்பிடிச்சதுன்னு எல்லாரும் தூக்கிப்போடச் சொன்னாங்களே" என்றார்.

வீடு மாற்றும் நாள் வந்தது. பீரோக்களில் பாதியும் வட்ட மேஜையும் ஒரு சோபாவும் அக்கம்பக்கத்தில் வேண்டியவர்களுக்குப் போய்விட்டன. மிச்சமெல்லாம் ஒழுங்காக ஏறின. நீள மேஜைதான் இரண்டாம் மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. சுமைக்காரர்கள் நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அந்தக் கட்டடத்துக்காரர்கள் எல்லோரும் படிக்கு வந்து, ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கீழ்வீட்டுப் பெரியவர் ஒருவர் மேஜையை இங்கேயே விட்டுவிட்டு, எல்லோரும் இங்கே வந்து சாப்பிடலாம் என்றார்.

கிரேன்காரர் மூன்றாம் மாடிப் படிக்கட்டின் விளிம்பில் வந்து நின்றார். கீழே நின்று ஆள் காட்டும் சைகையைப் பார்த்தே காலமெல்லாம் கிரேன் ஓட்டியவர், இப்போது தானே ஒரு கையை உயர்த்தினார். எப்படித்தான் நடந்ததோ, எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டு விரலை மேலே காட்டினார், முன்பக்கம் உயர்ந்தது. உள்ளங்கையைத் திருப்பினார், மேஜை பக்கவாட்டில் சாய்ந்தது. முஷ்டியை மூடினார், நின்றது. சுண்டுவிரலை லேசாக அசைத்தார். மேஜை பாம்பு மாதிரி வளைந்து திருப்பத்தைக் கடந்து வந்துவிட்டது. படி முழுக்க ஒரே கைதட்டல். நர்ஸம்மா, "இந்த மனுஷனுக்கு எதுக்கு வாயி?" என்று பெருமையோடு அலுத்துக்கொண்டார். கிரேன்காரர் சிரித்ததைச் சின்னு அன்றைக்குத்தான் பார்த்தாள்.

கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் மகள் வந்தாள். நேராகப் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தாள். அங்கே கட்டில் மட்டும். வெளியே வந்தாள்.

"அம்மாவோட மேஜை எங்க? பரண்ல போட்டாச்சா?"

சின்னு அவசரமாக முன்னால் வந்தாள். "இல்லைங்க, தாழ்வாரத்துல..." என்று ஆரம்பித்தாள்.

"வெளியிலயா வச்சீங்க?"

கிரேன்காரர் மகளின் தோளைத் தொட்டு, தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார். மேஜையின் மேலே சவரக் கிண்ணமும் பிரஷ்ஷும் இருந்தன. முன்னால் அந்தச் சின்ன முக்காலி. அவர் அதில் உட்கார்ந்தார். மூன்று கண்ணாடியிலும் மூன்று அப்பா தெரிந்தார்கள்.

"அம்மா போனதுலேருந்து இங்கதான் ஷேவ் பண்றேன்" என்றார். "அவ தலை வாரினப்போ நான் பின்னாடி நிப்பேன். இப்போ நான் உக்காந்துக்கறேன்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி மகளே கேட்டதில்லை போலிருக்கிறது. அவள் மேல் இழுப்பறையைத் திறந்தாள். அம்மாவின் கொண்டை ஊசிகள் வைத்தபடியே இருந்தன. மூடினாள். திரும்பி நர்ஸம்மாவைப் பார்த்தாள்.

"மேல் ட்ராயர் அவங்களோடது. நான் தொடல" என்றார் நர்ஸம்மா. "கீழ் ட்ராயர் உங்கப்பாவோடது, அத யாருமே தொட முடியாது, அவ்வளவு குப்பை. எனக்கு ஒரு சீப்பு வைக்க பாத்ரூம்ல எடம் இருக்கும்மா, போதும்."

மகளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்து, மூக்கால் ஒரு சத்தம் வந்தது. "இந்த முக்காலி உடைஞ்சிடும்ப்பா. நான் வேற வாங்கித் தரேன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு கைப்பையைக் கழற்றி வைத்துவிட்டு, நர்ஸம்மா மறுபடி துணி மடிக்கத் தொடங்கியிருந்த இரும்பு மேஜைக்குப் போய், ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். போர்வை மடிப்பதில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. நர்ஸம்மா இரண்டு தடவை பிரித்து மறுபடி மடிக்க வைத்தார்.

அன்று வீடு திரும்பும்போது சின்னுவின் கால் தரையில் பாவவில்லை. நகக்கண்ணில் அழுக்கு இருந்தது, முதுகு விண்விண்ணென்று வலித்தது. ஆனால் நான் யாராக இருந்தேன் என்ற கேள்வி வரவே இல்லை.

நர்ஸம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா? அவரோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் படியேறினார்கள். ஒருவருக்கு மாமனார் மாமியார் கூட வந்து இருக்கப்போகிறார்கள். ஒருவருக்கு, இரட்டைக் குழந்தை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்னொருவருக்கு வெளியூரில் படித்த மகன் பெட்டி படுக்கையோடு திரும்பி வருகிறான், அவன் அறையோ இத்தனை நாளில் வேண்டாத சாமான் போடும் அறையாகிவிட்டது. சின்னு ஒவ்வொரு வீட்டிலும் முதலில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தாள். அளவெடுக்கும் டேப்பை இரண்டாவது தடவைதான் எடுத்துப் போனாள்.

ஒருநாள் பலகை எழுதுகிறவரை வரச்சொல்லி, பெயரைத் தவிர மற்றதையெல்லாம் அழித்து வேறு எழுதச் சொன்னாள். சேதி அக்காவுக்கு எட்டியது. அலுவலகத்திலிருந்து நேராக, மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"'வீட்டுக்கு ஆள் கூடுகிறதா? இடம் பண்ணித் தரப்படும்.' இவ்வளவுதானாடி? சமையலறை எங்க? கடை எங்க? விளக்கு?"

"விளக்கு வேணும்னா போடுவேன்க்கா. ஆனா அது வர்ற ஆளுக்காக. சும்மா விளக்குக்காக விளக்கு போடறதில்ல இனிமே."

"நேத்திக்கு எங்க மேனேஜர் புது ஆபீஸுக்கு உன்னக் கேட்டாரே, அதுக்கு என்ன சொன்ன?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரு நல்ல ஆள் பேரு குடுத்தேன்."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். வேலையை இன்னொருத்தருக்குக் கொடுத்த தங்கையை, காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, குரலைத் தாழ்த்தினாள்.

"சரி, அது கெடக்கட்டும். ஆள் கூடினாத்தான் வருவியா? இருந்த ஆளே கூடிட்டா?"

"என்னக்கா சொல்ற?"

"மாமா ரிட்டயர் ஆனதுலேருந்து நாள் பூரா வீட்லதான். கூடத்துல ஒரு கம்ப்யூட்டர், சாப்பாட்டு மேஜையில அவரு பிரிச்சுப் போட்ட ரேடியோ, படுக்கையறையில உடற்பயிற்சி சைக்கிள். முன்னாடி காலையில போனா ராத்திரி வருவாரு. இப்போ ஒரே மனுஷன் நாலு பேரு மாதிரி இருக்காருடி."

சின்னு சிரித்துக்கொண்டே ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். "மாமாவ அப்புறம் பாக்கலாம். நீ சாயங்காலம் ஆபீஸ்லேருந்து வந்ததும் எங்க உக்காருவ?"

"நானா?" என்றாள் அக்கா.

எந்தக் கேள்விக்கும் பதில் தயாராக வைத்திருக்கும் அக்கா, யோசிக்க ஆரம்பித்தாள். மனதுக்குள் தன் வீட்டைச் சுற்றி வருகிறாள் என்பது கண்ணிலேயே தெரிந்தது. கூடத்துக்குப் போனாள், திரும்பினாள். சமையலறைக்குப் போனாள், திரும்பினாள்.

"கட்டில் ஓரத்துல உக்காருவேன்னு நெனைக்கறேன்" என்றாள் கடைசியில், கொஞ்சம் ஆச்சரியத்தோடு. "செருப்பக் கழட்டறதுக்கு."

"எவ்வளவு நேரம்?"

"செருப்பு கழட்ட எவ்வளவு நேரம்டி ஆகும்?"

இருவரும் சிரித்தார்கள். கீழே மருந்துக்கடையில் யாரோ இருமினார்கள். சின்னு பென்சிலைச் சீவிக்கொண்டு, "சரி, காலையில எழுந்ததுலேருந்து சொல்லு" என்றாள். அக்கா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தாள்.